அக்கா வீட்டு வார்க்கை

என் சொந்த அக்கா வீட்டு வார்க்கையை, நல்ல நேரம் பார்த்துப் போட்ட ஈரம் காயும் முன்பே, நான்தான் காலால் மிதித்துக் கலைத்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இதைப் பல விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பைத்தியம் என்கிறார்கள், பொறாமை என்கிறார்கள், படித்த திமிர் என்கிறார்கள். திமிர் என்பது மட்டும் உண்மை. மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

கூரைக்குக் கான்கிரீட் போடுவதைத்தான் இங்கே வார்க்கை என்பார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு அது பாதிக் கல்யாணம். ஜோசியரிடம் நேரம் குறிப்பார்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிடுவார்கள், வேலையாட்களுக்குப் பிரியாணி போடுவார்கள். அன்றைக்கு யாரும் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. நானோ கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போடுகிற இன்ஜினியர். ‘வேண்டாம்’ என்று சொல்வதுதான் என் பிழைப்பே.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தது. வீட்டில் பேசுவது தமிழ். கோபம் வந்தால் பாதி மலையாளம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் கத்தாரில் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு வாடகை வீடுதான். கடைசியாக இருந்த வீட்டில் அடுப்படிக் கூரையிலிருந்து காரை உதிர்ந்து சோற்றுப் பானையில் விழும். அக்கா பானைக்கு மேலே குடை பிடிக்காத குறை. அப்படி இருந்துதான் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். இரண்டு பெண்களுக்கு ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை, அடுப்படி, கூடம். அவ்வளவுதான் வீடு. வரைந்து கொடுத்தது நான்.

நான் வீடு வரையும்போது நல்லதை நினைக்கவே மாட்டேன். சிமெண்ட் ஒரு சட்டி குறையும் என்று நினைப்பேன். மேஸ்திரிக்கு அன்று தலைவலி என்று நினைப்பேன். மொட்டை மாடியில் தண்ணீர் போகிற குழாயை இலை அடைத்துக்கொண்டு ஆடி மழை முழுவதும் அங்கேயே தேங்கும், அதே நாளில் சொந்தபந்தம் அத்தனையும் மேலே ஏறி நின்று போட்டோ எடுக்கும் என்று நினைப்பேன். இத்தனையும் நடந்த பிறகும் வீடு நிற்க வேண்டும். என்னைக் கரிநாக்கு என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டுமே! நாக்கு கரியாக இருந்தால் கட்டடம் நிற்கும்.

கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் தாங்காது, பிஸ்கெட் மாதிரி உடையும். இழுப்பைத் தாங்கத்தான் உள்ளே இரும்புக் கம்பி. அறைக்கு நடுவில் கூரை கீழே தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி அடியில் ஓட வேண்டும். ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேடில் நேர்மாறு. அதன் முனை கீழே சாயப் பார்க்கும், மேல்பக்கம் பிளக்கும், அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். இந்த ஒன்றை மாற்றி வைத்தால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். வார்க்கைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கான்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த பலகைமேல் முழங்காலிட்டு ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். சன்ஷேடில் மூன்று கம்பிகள் அடியில் கிடந்தன. மேஸ்திரியைக் கூப்பிட்டு அவிழ்த்துக் கட்டச் சொன்னேன்.

மேஸ்திரி தென்காசிக்காரர். இருபது வருஷமாக எர்ணாகுளத்தில் வேலை செய்கிறார். நல்ல கை. “ஏம்மா, எங்க ஊர்ல பொண்ணு பாக்க வாரவங்ககூட இப்படிக் குனிஞ்சு நிமிந்து பாக்க மாட்டாங்க,” என்றார். ஆனாலும் அவிழ்த்துக் கட்டினார். கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளிக் கட்டைகள் வைத்திருக்கிறதா, முட்டுகள் ஆடுகின்றனவா, மின்சாரக் குழாய் எங்கே போகிறது, எல்லாம் பார்த்தேன். அதே சாயங்காலம் அக்கா நல்ல தண்ணீர் டாங்கருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஆக, கலவைக்குத் தண்ணீரும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் சறுக்கினேன். கம்பியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியவள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அஸ்திவாரமும் தூண்களும் போட்டபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதனால் பேச்சே எழவில்லை. வார்க்கையின்போது குழாய் வறண்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கிணறுகள் எப்படி என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். பக்கத்திலேயே காயல், உப்பங்கழி; அதனால் கிணற்றிலும் உப்பு. சோப்பு போட்டால் நுரை வராது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். இரவில் ஜோசியர் மாற்றிச் சொல்லி, காலை ஏழுக்கு ஆக்கிவிட்டார்கள். அக்கா வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தாள். நான் பார்க்கவில்லை. எட்டரைக்கு சாயா குடித்துவிட்டு ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தால், தெருமுனைக்கே கான்கிரீட் கலக்கிற மிக்சர் ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, ஆரம்பித்துவிட்டார்கள் என்று வேகமாக நடந்தேன். வாசலில் டாங்கர் நின்றது. அதைச் சுற்றித் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடமும் பக்கெட்டுமாக நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அக்காவே ஹோசைப் பிடித்து நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

மிக்சருக்குப் போகிற ஹோஸ் வேறு. அது பின்பக்கம் போய்க் கிணற்றில் இறங்கியது.

நான் கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினேன். துப்பினேன். மிக்சரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மேஸ்திரி இரண்டு தரம் கேட்ட பிறகுதான் நிறுத்தினார். அதற்குள் அடுப்படிக்கும் பெண்கள் அறைக்கும் மேலே கான்கிரீட் போட்டு, தட்டி, சமன் செய்து முடித்திருந்தார்கள். கூரையில் மூன்றில் ஒரு பங்கு.

“என்னடி, வந்ததும் வராததுமா?” என்று அக்கா ஹோசோடு திரும்பினாள்.

“கலவைக்குக் கிணத்துத் தண்ணியா ஊத்தினீங்க?”

“பின்னே?” அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. “தெருவிலே அஞ்சு நாளா பொட்டுத் தண்ணி இல்லே. குடத்தைத் தூக்கிட்டு ஆளுங்க நிக்கறாங்க. நான் குடிக்கற தண்ணியைக் கொண்டுபோய் ஜல்லியிலே கொட்டவா? பாவம் பிடிக்கும்டி!”

இதுதான் விஷயம். வேறு ஊரில் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். வேறு ஊரில் தப்பு செய்கிறவன் மிச்சம் பிடிக்கச் செய்வான். என் அக்கா புண்ணியம் என்று நினைத்துச் செய்தாள். சின்ன வயதில் விடியும் முன்னால் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறோம். ஒரு குடம் சிந்தினதற்கு அவள் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். அவளால் நல்ல தண்ணீரைச் சிமெண்டில் ஊற்ற முடியாது. என்னால் அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் உப்புக்கு அதெல்லாம் தெரியுமா?

என் கைப்பையில் எப்போதும் ஒரு பழுப்புக் குப்பி இருக்கும். வெள்ளி நைட்ரேட் கரைசல். உப்புள்ள தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். விரலில் பட்டால் கறுப்புக் கறை நாலு நாளைக்குப் போகாது. இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கி, ஒன்றில் டாங்கர் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் பிடித்தேன். சொட்டினேன். டாங்கர் தண்ணீர் லேசாகப் புகைந்த மாதிரி ஆகி அப்படியே நின்றது. கிணற்றுத் தண்ணீர் மோராகிவிட்டது. குடத்தோடு நின்ற பெண்கள் “அய்யோ!” என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், “இதை வைத்துத்தான் நாம் பல் தேய்க்கிறோம், செத்தா போய்விட்டோம்?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“நாம் சாக மாட்டோம் சேச்சி, கம்பி சாகும்,” என்றேன்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க? இந்தத் தெருவுல பாதி வீடு இதே தண்ணியிலதான் போட்டிருக்கு. நானே போட்டிருக்கேன்.”

“அதனாலதான் பாதி வீட்டு சன்ஷேடு கம்பியைக் காட்டிக்கிட்டு நிக்குது. நிமிந்து பாருங்க மேஸ்திரி.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். கான்கிரீட்டுக்குள் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிக்காது, சிமெண்டே அதைக் காக்கும். உப்பு கலந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். துருப்பிடித்த கம்பி பருத்து, உள்ளேயிருந்தே கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். வெளியே ஈரம் பட்டுக் கெட்டால் பூசிச் சரிசெய்யலாம். கலவையிலேயே கலந்த உப்பை எந்தக் கடவுளாலும் எடுக்க முடியாது.

“கடலோரத்துல இருநூறு வருஷக் கிடங்கெல்லாம் நிக்குதே?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

“அதுல கம்பி இல்லே! செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும்தான். கம்பியில்லாத கூரை போடணும்னா இப்பவே சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்.”

கூரை மூலையில் ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்த போனில் அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் காலையிலிருந்து வீடியோவில் வார்க்கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போனைக் கீழே கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டு டம்ளரையும் அதன் முன்னால் பிடித்தேன்.

“போட்டதை என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“அள்ளணும். இறுகிறதுக்கு முன்னாலே இப்பவே அள்ளிட்டு, கம்பியை நல்ல தண்ணியிலே கழுவிட்டு, வேற நாள் போடணும்.”

அத்தான் வாய் திறக்கும் முன்னால் அக்கா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள். அவள் முகம் அதுவரை சிவந்திருந்தது, இப்போது வெளுத்துப்போனது. “நல்ல நேரத்துல போட்ட வார்க்கையை அள்ளறதா? குடி விளங்குமாடி? பதினேழு வருஷம் கழிச்சு ஒரு கூரை! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?”

“அக்கா, இதுக்குக் கீழே உன் ரெண்டு பொண்ணும் படுக்கப் போறாங்க.”

“எப்போ விழும்? சொல்லு. படிச்சவ இல்லே? எப்போ விழும்?”

“தெரியாது. எட்டு வருஷமோ பதினஞ்சு வருஷமோ. முதல்ல பழுப்புக் கறை வரும். அப்புறம் விரிசல். அப்புறம் உன் சோத்துப் பானையிலே மறுபடியும் காரை விழும். ஒருநாள் பானைக்குப் பதிலா தலையிலே விழும்.”

“கரிநாக்கு!” என்று அவள் கத்தினாள். “பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம்தானே? அதுக்குள்ளே அவங்களுக்குக் கல்யாணமாகிப் போயிடும். நானும் அவரும்தானே இருப்போம்? விழுந்தா எங்க மேலே விழட்டும். மதி!” என்று மலையாளத்துக்குத் தாவினாள். “போதும், நீ போ.”

அந்த வார்த்தையில்தான் எனக்குத் தலைக்கேறியது. அவள் மேலே விழட்டுமாம்! யாரைக் கேட்டுச் சொல்கிறாள்? என்னைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், நான் வரைந்த கூரைக்குக் கீழே நசுங்கிச் சாவாளாம், நான் ‘சரி, உன் இஷ்டம்’ என்று சாயா குடிக்கப் போக வேண்டுமாம்.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். வீட்டுக்காரி சொல்லாமல் அவர் கை வைக்க மாட்டார், அது அவர் தொழில் மரியாதை. அக்கா ஏணிக்குக் குறுக்கே வந்து நின்றாள். எனக்கு ஏணி வேண்டாம், பின்பக்கம் சாரம் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். கீழே யாரோ “பிடிங்க, பிடிங்க” என்றார்கள். யாரும் பிடிக்கவில்லை.

மேலே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி சமன் செய்து வைத்திருந்த கான்கிரீட்டில் இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை, உழவு மாடு மாதிரி, இழுத்து இழுத்து நடந்தேன். கம்பி பாதத்தில் குத்தியது. ஒரு மண்வெட்டி கிடந்தது, அதை எடுத்து வாரி வாரிக் கீழே தள்ளினேன். அழுதுகொண்டேதான் தள்ளினேன், அதையும் மறைப்பதற்கில்லை. வங்காளத்திலிருந்து வந்த வேலையாட்கள் எதுவும் புரியாமல் ஒதுங்கி நின்றார்கள்.



கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி ஏறி வந்தார். நான் மிதித்த இடத்தைப் பார்த்தார். “இனி இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நீங்க இறங்குங்கம்மா. காலைக் கழுவுங்க. சிமெண்டு தோலை அரிச்சுப்புடும்,” என்றார். ஆட்கள் அள்ள ஆரம்பித்தார்கள்.

கழுவத் தண்ணீர் வேண்டுமே! டாங்கர் காலியாகியிருந்தது. தெருப் பெண்களிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். “கொடுத்ததைக் கேக்க மாட்டேன்,” என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சரிதான். நானே இன்னொரு டாங்கருக்குச் சொல்லி, அது மதியம் வந்து, கம்பிகளைப் பீய்ச்சிக் கழுவினோம். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. அள்ளி முடித்த வேலையாட்களுக்கும் டாங்கர் டிரைவருக்கும் சேர்த்து அக்காவே பரிமாறினாள். எனக்கு மட்டும் இலை போடவில்லை. நான் கிளம்பியபோது வாசலில் வந்து நின்று, “இனி என் படி ஏறாதே,” என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

மேஸ்திரி சொன்னபடியே ஆயிற்று. இரண்டு வாரம் கால் புண்ணோடு அலுவலகம் போனேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வார்க்கை. படி ஏறாதே என்றாள், தெருவில் நிற்காதே என்று சொல்லவில்லையே? ஆறு மணிக்கே போய் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் உள்ளே போய், கலவைக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வந்து நீட்டினார். சொட்டினேன். பெரிதாக வெளுக்கவில்லை. “போடுங்க,” என்றேன். மேலே நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசிச் சட்டி போடும் வரை நின்றேன். அன்றைக்கும் பிரியாணி உண்டு, வாசனை தெருவரைக்கும் வந்தது.

புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு எனக்கு அழைப்பில்லை. அத்தான் போனில் கூப்பிட்டு, “அவ கொஞ்ச நாள்ல சரியாயிடுவா,” என்றார். சரியாகவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் மீன்காரரிடம் திரும்பி விலை கேட்பாள். பெண்கள் இரண்டு பேரும் அவளுக்குத் தெரியாமல் என் வீட்டுக்கு வந்துபோவார்கள். சொந்தக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுவிடு என்றார்கள். எதற்கு? மிதித்ததற்கா? நாளைக்கே இன்னொரு வார்க்கை அப்படி இருந்தால் நாளைக்கும் மிதிப்பேன். தண்ணீரைப் பற்றி முன்கூட்டியே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கலாம், கடிதமும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு என் வரைபடம் ஒவ்வொன்றிலும் முதல் வரியே கலவைத் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தினமும் அலுவலகத்துக்குப் போட்டு, அதாவது படகு, பிடிக்க மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் போகிறேன்; சுள்ளிக்கல் அந்த வழியில் இல்லை. இருந்தாலும் பெருமழை விட்ட மறுநாள் காலையில் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போவேன். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நடந்தபடியே பார்ப்பேன். போன ஆனி மாதம் அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

“என்னடி பாக்கறே? விழுந்துச்சான்னா?”

அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது.

“விழாது,” என்றேன்.

“விழாதுன்னா இங்கே உனக்கு என்ன வேலை?”

“நீ அதுக்குக் கீழே படுத்துத் தூங்கறே. அதான் வேலை.”

அவள் ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். அதன் பின்னால் அவள் முகம் தெரியவில்லை. “போடி, உன் போட்டு போயிடும்,” என்றாள்.

“போனாப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு, சன்ஷேடை மூலைக்கு மூலை பார்த்து முடித்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.